துவர்ப்பு என்று சொல்ல என்ன வெட்கம்?

தஞ்சாவூரில் ‘ஒயின் ஷாப்’புக்குப் போகிற யாரும் ஒயின் வாங்கப் போவதில்லை. பிராந்தியும் ரம்மும் விற்கிற இடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த பிறகும் போகவில்லை. நிஜ ஒயின் வேண்டுமென்றால் காரைக்கால் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிடுவோம்.

அப்படி வந்துசேர்கிற மலிவான ஸ்பானிஷ் சிவப்பு ஒயினைச் சுற்றி நம் இலக்கிய நண்பர்கள் நடத்துகிற கூத்துதான் என் பிரச்சினை. கிளாஸைச் சுழற்றுகிறார்கள், மூக்கை நுழைக்கிறார்கள், ‘பிளாக்பெர்ரி, கேசிஸ், கொஞ்சம் லெதர்’ என்று பதிவு போடுகிறார்கள். ஐயா, கேசிஸை எந்த மரத்தில் பறித்தீர்கள்? தின்னாத பழத்தின் ருசி உங்கள் நாக்கில் எப்படி ஏறியது? லேபிளில் படித்ததை நாக்கில் கண்டதாக எழுதுவதற்குப் பெயர் ரசனை இல்லை, காப்பி.

சிவப்பு ஒயினின் முதுகெலும்பு டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்குவது. எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை வறட்டிவிடும். நமக்கு இது புதுசா? பாக்கு, நாவல்பழம், வாழைப்பூ எல்லாம் செய்வது இதைத்தானே. துவர்ப்பு என்பது நமக்கு அறுசுவையில் ஒன்று, சமையலறையில் புழங்குகிற சொல். கையில் இதை வைத்துக்கொண்டு ‘கிரிப்பி டானின்ஸ்’ என்று ஏன் திக்க வேண்டும்?

ஸ்பெயினின் பிரதான சிவப்புத் திராட்சை டெம்ப்ரனில்லோ. சீக்கிரம் பழுப்பதால் வந்த பெயர். நம்ம குறுவை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹோவன்’ என்று போட்டிருந்தால் பீப்பாயில் அதிகம் கிடக்காத இளசு. ரியோஹாவில் ‘கிரியான்ஸா’ என்றால் இரண்டு வருஷம் முதிர்ந்தது, அதில் ஒரு வருஷமாவது ஓக் பீப்பாயில். அங்கே வழக்கமாகப் பயன்படுத்தும் அமெரிக்க ஓக் ஒரு தேங்காய் வாசனையைக் கொடுக்கும். தென்னந்தோப்பு ஊர்க்காரனுக்கு அதைக் கண்டுபிடிக்க லண்டன் விமர்சகர் தேவையா?

இன்னொரு மூடத்தனம், ‘ரூம் டெம்பரேச்சர்’. அது ஐரோப்பியக் குளிர்வீட்டுக் கணக்கு, பதினாறு பதினெட்டு டிகிரி. மே மாசத் தஞ்சாவூரில் அறைச்சூடு முப்பத்தைந்தைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் அடிக்கும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். புறநானூறு 56இல் யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் குளிர்ச்சியானது, மணப்பது என்றுதான் சொல்கிறார். அவருக்குக் கடன் சொல் தேவைப்படவில்லை.

ஏன் இந்த நடிப்பு? விலைதான். ஸ்பெயினில் விவசாயி மதியச் சாப்பாட்டோடு குடிக்கிற சாதாரணச் சரக்கு இது. பல வருஷமாக இந்தியா 150 விழுக்காடு சுங்கவரி போட்டது, அதன் மேல் மாநில வரி. அங்கே சாப்பாட்டுத் துணை, இங்கே அந்தஸ்து. கொடுத்த காசுக்குக் கேசிஸ் தெரிந்தே ஆக வேண்டியிருக்கிறது. சிலது வெறும் புளிப்பும் தண்ணியுமாகத்தான் இருக்கும். அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடியால் அழிந்த வீடு இல்லாத தெரு டெல்டாவில் குறைவு. குடிக்காதவர் குடிக்காமலே இருக்கட்டும். குடிக்கிறவர் தன் நாக்கை நம்பட்டும் என்கிறேன். சோற்றை ஒரு வாய் வைத்ததும் பழைய அரிசியா புது அரிசியா என்று சொல்கிற ஊர் இது. நடவுக்குப் போகிற பெண்ணுக்கும் அந்த நாக்கு உண்டு. அவளை யாரும் ‘டேஸ்டர்’ என்று கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பாட்டிலைத் திறந்தால் புளிக்கிறதா, துவர்க்கிறதா, எவ்வளவு நேரம் நாக்கில் நிற்கிறது என்று மூன்றே வரி தமிழில் எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று நாலாவது வரி. ஸ்பெயின்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான்.