தாத்தாவின் டின்னில் இருந்த மரத்துண்டுகள்

போன மாதம் கூலிமில் அக்காள் வீட்டை மாற்றினோம். தோட்டத்து லயத்தை விட்டு வந்தபோது கட்டிய மூட்டைகளில் சில இன்னும் அவிழ்க்கப்படாமலே கிடந்தன. அதில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் தாத்தாவின் உளி இரண்டு, அரம் ஒன்று, பழைய வேட்டித் துணியில் சுற்றிய மரத்துண்டுகள் மூன்று.

இரண்டு துண்டுகள் ஜோடி. கரும்பழுப்பு நிறம். மேலே பொடிப் பொடிக் கட்டமாகச் செதுக்கி, திருகு போகும் துளையைச் சுற்றி மட்டும் வைரக்கல் வடிவத்தில் வழவழப்பாக விட்டிருந்தது. மூன்றாவது துண்டு மஞ்சள் நிற மரம். வேலை பாதியில் நின்றிருந்தது.

"மாமா, இது ரிவால்வர் பிடி!" என்றான் அக்காள் மகன். ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் பையன். ஐந்து நிமிடத்தில் கைப்பேசியில் படம் பிடித்து, தேடி, விலையும் சொல்லிவிட்டான். அமெரிக்காவில் இதே போன்ற ஜோடிக்குக் கேட்கும் தொகையை நம் ரிங்கிட்டுக்கு மாற்றினால், ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு வரும். "இன்றைக்கே போட்டுவிடட்டுமா?" என்றான்.

"பொறு" என்றேன். அந்தத் துண்டுகளின் கதை எனக்குத் தெரியும்.

தாத்தா பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் தச்சர். 1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் துரைமார் இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் மலைக்காட்டு வேலையைப் பார்க்கப் போனதில்லை. எங்கள் தோட்டத்துத் துரைக்குக் கை பெரிது. தொழிற்சாலையில் போட்டுவரும் பிடி அவருக்கு ஒல்லி. விரலுக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. தாத்தாவைக் கூப்பிட்டுப் புதுப்பிடி செய்யச் சொன்னார்.

உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்றிருந்த காலம் அது. துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்று தாத்தா சொல்லிவிட்டாராம். துரை பிடியை மட்டும் கழற்றிக் கொடுத்தார். அதை அளவாக வைத்துக்கொண்டு, கெமூனிங் மரத்தில் தாத்தா புதுசு செய்தார். மலாய்க்காரர்கள் கிரிஸ் கத்திக்குப் பிடி செய்யும் அதே மரம். முதல் துண்டு அளவு தப்பிப்போனது. அதுதான் டின்னில் கிடந்த மஞ்சள் துண்டு. சரியாக வந்த ஜோடி துரையோடு சீமைக்குப் போய்விட்டது.

இனி விலைக்கு வருவோம். ஒரு மரத்துண்டுக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வருகிறது?

முதல் காரணம், இனிமேல் வராது என்பது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி திருகைச் சுற்றி வைர வடிவம் விடும் வழக்கத்தை 1968-இல் நிறுத்தியது. ஆகவே அந்த வைரமே வயதைச் சொல்லிவிடும். வால்டர் ரோப்பர் என்ற அமெரிக்கர், எங்கள் துரையைப் போல் தொழிற்சாலைப் பிடி பொருந்தாதவர்களுக்காகத் தனிப்பிடிகள் விற்றார். அவர் காலம் முடிந்தது. இருப்பதைத்தான் கை மாற்ற வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, ஜோடி பிரியாமல் இருப்பது. வலது பக்கப் பிடியின் உட்புறத்தில் துப்பாக்கியின் எண்ணை அச்சடித்தோ பென்சிலால் எழுதியோ வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். அந்த எண்ணுள்ள துப்பாக்கியோடு சேர்ந்திருந்தால் தனி மதிப்பு. பிரிந்துவிட்டால் வெறும் உதிரி.

மூன்றாவது, கை படாமல் இருப்பது. துளை ஓரத்தில் வெடிப்பு, அடிமூலையில் சில்லு, இவையெல்லாம் விலையைக் குறைக்கும். அதைவிட மோசம், பளபளப்பாக்குகிறேன் என்று மணல்தாள் போட்டுத் தேய்ப்பது. சேகரிப்பவர் தேடும் பழைய நிறத்தை நாமே சுரண்டி எறிந்துவிடுகிறோம்.

நான்காவதுதான் பலர் ஏமாறும் இடம். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. யாரும் எதையும் கேட்கலாம். உண்மையில் பணம் கைமாறிய விலைதான் சந்தை விலை.

இந்த நான்கும் பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்குக்கும், சிங்கர் தையல் மிஷினுக்கும், அப்பாவின் கைக்கடிகாரத்துக்கும் பொருந்தும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிடிக்கு ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைப் பையனுக்குச் சொன்னதும் அவன் முகம் மாறியது. அமெரிக்கச் சட்டம் துப்பாக்கியின் சட்டகத்தைத்தான் துப்பாக்கியாகக் கணக்கிடுகிறது; பிடி அங்கே சாதாரணச் சரக்கு. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, துப்பாக்கியின் உதிரிப் பாகத்தையும் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. உரிமமின்றி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். மரப்பிடி அதில் சேருமா என்று வாதாடலாம். ஆனால் அப்படி வாதாடும் இடம் நீதிமன்றம். ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவுக்காக, நல்ல வேலையில் இருக்கும் பிள்ளை அங்கே போய் நிற்க வேண்டுமா?

"அப்படியென்றால் குப்பையில் போட்டுவிடலாமா?" என்றாள் அக்காள். அதுவும் வேண்டாம் என்றேன். மறுநாள் காலை மூவரும் டின்னோடு காவல் நிலையம் போனோம். கதை முழுவதையும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த மலாய் அதிகாரி ஜோடியை வாங்கிப் பதிவு செய்துகொண்டார். மஞ்சள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையில்லை, உட்பள்ளமில்லை, எதிலும் பொருந்தாது.

"இது மரம்தான்" என்று சிரித்துவிட்டு, "கெமூனிங். உங்கள் தாத்தாவுக்கு நல்ல கை" என்று பையனிடமே திருப்பிக் கொடுத்தார்.

சந்தைக் கணக்கில் அந்தத் துண்டுக்குப் பத்துக் காசு கிடையாது. ஜோடி இல்லை, எண் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. பையன் அதைத் தன் மேசைமேல் வைத்திருக்கிறான். அதன் அடியில் ஒரு காகிதம். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், செய்த கதை எல்லாம் அவன் கையாலேயே எழுதியது. போன வாரம் வந்தவன், "தாத்தாவைப் பற்றி இன்னும் வேறென்ன தெரியும் மாமா?" என்று கேட்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கும். விலை தேடுவதற்கு முன், அதன் கதை தெரிந்தவர் யார் என்று தேடுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.