நுழைவுத்தேர்வு வைத்தா படம் பார்ப்பது?

'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' புது வரிசையைக் கொண்டாடுகிறவர்கள், 1968-இல் வந்த மூலப்படத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்கிறார் நண்பர். சரி, அவர் வழிக்கே வருவோம். பியர் பூல் 1963-இல் எழுதிய நாவலைப் படித்துவிட்டுத்தான் அவர் அந்தப் படத்தை ரசித்தாரா? அவர் உருகும் கடைசிக் காட்சி, கடற்கரையில் புதைந்து கிடக்கும் சுதந்திர தேவி சிலை, நாவலில் கிடையாது. படக்காரர்கள் சேர்த்தது. அன்று மாற்றினால் கலை, 2011-இல் புது வரிசை மாற்றினால் துரோகமா?

மேகமலை எஸ்டேட் லயத்தில் உட்கார்ந்து தமிழ் டப்பிங்கில் பார்க்கிறவருக்கு முன்கதை எதற்கு? 2011 படம் கதையை முதலிலிருந்துதானே தொடங்குகிறது! மின்தடியோடு ஓங்கிய காவலாளியின் கையைச் சிம்பன்ஸி சீசர் பிடித்து நிறுத்தி, ஒற்றைச் சொல்லில் மறுக்கிறதே, அது புரிய எந்தப் பழைய படமும் வேண்டாம். வெடிப்பலாவைப் பிய்த்துத் தின்னும் சோலைமந்தியை நேரில் பார்த்துப் பழகியவர் அவர். (அதற்கு வாலுண்டு, சீசருக்குக் கிடையாது, தெரியும்.) சீசராக நடித்த ஆண்டி செர்கிஸின் தோள் அசைவில் எது குரங்கு, எது மனிதன் என்று நண்பரைவிட அவருக்கே சட்டென்று பிடிபடும்.

போகட்டும். 1973 வரை வந்த பழைய படங்கள் ஐந்து. கடைசி இரண்டை நண்பரே முழுசாகப் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம்.