பிறந்த மண்ணின் உரிமை: ஒரு பழைய பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்குத் தானாகவே குடியுரிமை கிடைக்க வேண்டுமா? போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதற்காகப் பெரிய சண்டை. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இல்லையென்றால், குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. கீழ் நீதிமன்றங்கள் தடை போட்டன. எச்1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது வீட்டு விஷயம்.

"அந்தச் சட்டம் அடிமைகளுக்காக எழுதியது, நமக்காக இல்லை" என்றார் ஒரு தம்பி. அதில் பாதி உண்மை.

கறுப்பின மக்கள் சுதந்திரமாக இருந்தாலும் குடிமக்கள் ஆக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்நாட்டுப் போருக்குப் பின், அந்த அநியாயத்தைத் துடைக்கத்தான் 1868இல் 14ஆவது திருத்தம் வந்தது.

மீதிப் பாதி இது. 1866இல் செனட் விவாதத்தில் கோவன் என்ற உறுப்பினர், "சீனர்களின் பிள்ளைகளும் குடிமக்களா?" என்ற கேள்வியை எழுப்பினார். கலிபோர்னியாவின் கானஸ், ஆம் என்றே பதில் சொன்னார். அவரே அயர்லாந்தில் பிறந்து வந்தவர். ஆக, வந்தேறிகளின் பிள்ளைகளைப் பற்றித் தெரியாமல் எழுதிய சட்டம் அல்ல அது.

1882இல் சீனத் தொழிலாளர்கள் வருவதற்கே தடை வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க், சீனா போய்விட்டு 1895இல் திரும்பியபோது அவரை உள்ளே விடவில்லை. வழக்குப் போட்டார். 1898இல் 6-2 என்ற கணக்கில் வென்றார். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமை தர முடியாது என்று தீர்ப்பு. ஆனால் அங்கே பிறந்த இந்தியப் பிள்ளைக்குக் குடியுரிமை இருந்தது. அப்பாவுக்கு இல்லாததைப் பிள்ளைக்கு உறுதி செய்தது ஒரு சீனர் நடத்திய வழக்கு!

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. வாங்கின் பெற்றோர் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள். தற்காலிக விசாவைப் பற்றி அந்தத் தீர்ப்பு நேராகப் பேசவில்லை. "அதிகார வரம்புக்கு உட்பட்டவர்" என்ற சொற்களை வைத்து, 1884இல் ஒரு செவ்விந்தியருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டதும் உண்டு. அந்த மக்கள் அனைவருக்கும் அது கிடைக்க 1924 ஆயிற்று.

இருந்தும் நான் பிறந்த குழந்தையின் பக்கம்தான். 1866இலேயே சாதாரணச் சட்டம் ஒன்று இருந்தது. அடுத்து வரும் பெரும்பான்மை அதை மாற்றிவிடக்கூடாது என்றுதான் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். அப்படி எழுதியதை ஒரு கையெழுத்தால் மாற்றுவது முறையல்ல.

வரலாற்றை மதிப்பெண்ணுக்கு மட்டும் வருஷம் வருஷமாக ஒப்பிக்க வைத்தவன் நான். அந்தக் குறை எனக்கு உண்டு. வரலாறு நம் கட்சிக்குச் சாட்சி சொல்ல வருவதில்லை. யாருக்கு அநியாயம் நடந்ததால் இந்தச் சட்டம் வந்தது, அப்போதும் யார் விடுபட்டுப் போனார்கள் என்று கேட்டுவிட்டு வாதாடுங்கள்.

பிழை இருந்தால் திருத்துங்கள். உறவை மட்டும் முறித்துக்கொள்ளாதீர்கள்.