தும்மல் அவளுக்கு, தூக்கம் பாப்பாவுக்கு!

திருத்தணியில் ரெண்டு விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்று வெயில். சித்திரை, வைகாசியில் டி.வி. செய்தி பார்க்கிறவர்களுக்கு எங்கள் ஊர் ரொம்பப் பரிச்சயம். 108 என்று ஒரு நம்பர் ஓடும். ஆம்புலன்ஸ் நம்பர் இல்லை சார், அன்றைய டிகிரி!

இன்னொன்று தும்மல். சுற்றிலும் பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று விசைத்தறி ஊர்கள். பஞ்சுத் தூசி. மார்கழியில் பனி. ஆடியில் காற்றும், கிருத்திகைக்குக் காவடி தூக்கி வரும் ஜனங்கள் கிளப்பும் புழுதியும். வருஷத்தில் எந்த மாசம் வந்தாலும் எங்கள் மூக்குக்கு ஏதாவது வேலை இருக்கும்.

இந்த அலர்ஜி என்பது என்ன? எங்கள் முருகனை வைத்தே சொல்லிவிடலாம். உடம்பு தூசியைப் பார்த்து, இதுதான் சூரபத்மன் என்று நினைத்துக்கொண்டு படையைக் கிளப்புகிறது. அந்தப் படை வீசுகிற வேலுக்கு ஹிஸ்டமின் என்று பேர். எதிரே சூரன் இல்லையா, வேல் நம் மூக்கிலேயே குத்துகிறது. தும்மல், அரிப்பு, குழாய் திறந்தாற்போலத் தண்ணீர். இதைத் தணிக்கிற மருந்துதான் ஆன்டிஹிஸ்டமின். (சூரசம்ஹாரம் முடிந்து முருகன் கோபம் தணிந்த இடம் தணிகை. அதனால்தான் மற்ற ஊர்களில் நடக்கிற மாதிரி இங்கே சூரசம்ஹாரம் நடத்துவதில்லை.)

நிற்க. விஷயம் தும்மல் பற்றியல்ல. தும்முவது பெண்டாட்டி, மாத்திரை வாங்கப் போவது புருஷன், அதன் பலன் போய்ச் சேருவது தொட்டிலில் இருப்பவருக்கு என்கிற முக்கோணக் கதை.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. பட்டணத்தில் ஆபீஸ். விடிகாலை எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால் ராத்திரி எட்டரைக்குத்தான் ஊர் திரும்புவான். குழந்தை பிறந்து ஐம்பது நாள். அவன் மனைவிக்கு விடாத தும்மல், கண்ணெல்லாம் சிவப்பு. ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியில் மெடிக்கல் ஷாப்பில் நின்றான்.

"அண்ணா, தும்மல், மூக்குல தண்ணியா ஊத்துது. ஏதாவது மாத்திரை குடுங்க."

"யாருக்கு?"

"வீட்டுல."

"பெரியவங்கதானே?"

"ஆமாண்ணா."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. கடைக்காரர் கேட்டதும் சரி, இவன் சொன்னதும் சரி. ஒரே ஒரு வரி மட்டும் ரெண்டு பேர் வாயிலும் வரவில்லை: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள்.

வேளைக்கு ஒன்றாக மூன்று நாள் போட்டாள். தும்மல் அடங்கியது. பாப்பாவும் அடங்கியது. ராத்திரி பூராவும் கச்சேரி வைக்கும் குழந்தை, ஒன்பது மணிக்கே கண்ணை மூடிக்கொண்டது. பகலிலும் தூக்கம். "பாப்பா சமத்தாயிடுச்சுண்ணா" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னான். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் அந்தப் பெண் கவனித்தாள். எழுப்பினால் ரெண்டு வாய் குடிக்கிறது, மறுபடி சொருகிக்கொள்கிறது. காலையிலிருந்து துணி ரெண்டே தடவைதான் நனைந்திருக்கிறது. மாரில் பாலும் குறைந்தாற்போல இருக்கிறது. அழுதுகொண்டே ஆபீசுக்கு போன் போட்டாள்.

அவன் வந்து சேர்வதற்குள் வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பிள்ளையின் அம்மா திருத்தணி. பெண்ணின் அம்மா புத்தூர்ப் பக்கம். (ம.பொ.சி. போராடி, 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்துவிட்டது. சம்பந்திகள் இன்னும் ரெண்டு பக்கமும்தான் இருக்கிறார்கள்.) "பாலு இவ்வொத்தம்மா!" என்றார் புத்தூர்ப் பாட்டி. "பாலை நிறுத்து, டப்பா வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார் திருத்தணிப் பாட்டி. ஜென்மத்தில் முதல் தடவையாக சம்பந்திகளுக்குள் கருத்து ஒற்றுமை! டப்பா பாலுக்கு விளம்பரம் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. பாட்டிமார்களுக்கு யார் சட்டம் போடுவது?

நல்லவேளை, தம்பி டப்பா வாங்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். துணைக்கு நான். குழந்தையைப் பரிசோதித்த டாக்டரம்மா அடுத்துக் கேட்டது மாத்திரை அட்டையை. பின்பக்கம் திருப்பிப் படித்தார்.

"என்னப்பா, ஊறுகாய் கேட்டதுக்கு ஃபுல் மீல்ஸே வாங்கிட்டு வந்திருக்கே?"

விஷயம் இதுதான். சளி மாத்திரை என்று கடையில் கிடைப்பதில் முக்கால்வாசி கூட்டணி ஆட்சி. தும்மலுக்குக் குளோர்ஃபெனிரமின், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், சிலதில் கொசுறாகக் காபியில் இருக்கும் காஃபீன். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலும் இல்லை, மூக்கடைப்பும் இல்லை. தேவைப்பட்டது ஒன்று. உள்ளே போனது நாலு.

அந்த ஒன்றிலும் பழசு, புதுசு இருக்கிறது. ஆன்டிஹிஸ்டமினை முதலில் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் டேனியல் போவே. 1957-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பழைய வம்சம்தான் குளோர்ஃபெனிரமினும், அவில் மாத்திரைக்குள் இருக்கும் பெனிரமினும். இவை மூக்கோடு நிற்காமல் மூளைக்குள்ளும் போய் விளக்கை அணைக்கும். அம்மாவுக்குத் தூக்கம், பால் வழியாகக் கொஞ்சம் பாப்பாவுக்கும். அதைவிட ஆபத்து, மாத்திரை மயக்கத்தில் இருக்கும் அம்மா குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அசந்துவிடுவது. பிற்பாடு வந்த லோராடடின், செட்ரிசின், ஃபெக்சோஃபெனடின் வகையறாவுக்கு மூளைப் பக்கம் அவ்வளவாக வேலையில்லை.

நான் பி.காம். எனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். அம்மா முழுங்குவது மொத்த வரவு. அதிலிருந்து பால் வழியாகக் குழந்தைக்குப் போவது கமிஷன். குழந்தையின் எடைக்கு ஏற்பக் கணக்குப் போட்டு, பத்து சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மருந்துகளுக்குப் பரவாயில்லை என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் பொதுவான கோடு. லோராடடின் கமிஷன் சுமார் ஒரு சதவிகிதம்தான். ஆனால் குறைமாதக் குழந்தை, ரெண்டு மாசத்துக்குள் உள்ள குழந்தை என்றால் கணக்கு வேறு. வந்த மருந்தை வெளியேற்ற அதன் கல்லீரலும் கிட்னியும் இன்னும் பழகவில்லை. அங்கே டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது.

பால் குறைந்தது ஏன்? மூக்கடைப்பு மருந்துகள் ரத்தக் குழாயைச் சுருக்குகிற ஜாதி. அவற்றில் சூடோஎஃபெட்ரின் என்று ஒன்று. 2003-ல் ஆஸ்திரேலியாவில் எட்டுத் தாய்மார்களுக்கு அதில் ஒரே ஒரு 60 மில்லிகிராம் வேளை கொடுத்துப் பாலை அளந்து பார்த்தார்கள். அந்த ஒரு நாளில் 24 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆபீஸ் போகிறவர்களுக்குச் சொன்னால் புரியும், கிட்டத்தட்டக் கால் சம்பளம் பிடித்தம்! எட்டுப் பேர் சின்னக் கூட்டம்தான், ஆனாலும் டாக்டர்கள் உஷாராகிவிட்டார்கள். அதன் தம்பி ஃபினைலெஃப்ரின் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. வாயால் சாப்பிட்டால் அது மூக்கடைப்புக்கு வெறும் டம்மி மாத்திரையைவிட ஒன்றும் கிழிக்கவில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆலோசனைக் குழுவே கைவிரித்துவிட்டது. அதே வருஷம் டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயசுக்குள் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சடிக்கும்படி நம் நாட்டில் உத்தரவு வந்தது. அது குழந்தைக்கு நேராகப் புகட்டுவதற்கான தடை. பாலில் வருவது துளிதான். ரெண்டையும் ஒன்றாக்கி உங்களைக் கிலி பிடிக்க வைக்க நான் வரவில்லை. வேண்டாத விருந்தாளியை எதற்கு வீட்டுக்குள் விடுவானேன் என்கிறேன்.

டாக்டரம்மா கூட்டணியைக் கலைத்தார். மூக்குக்கு உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து. அதிலும் நிற்காவிட்டால் ஒற்றை மருந்தாக லோராடடின், ராத்திரி பால் கொடுத்து முடித்த கையோடு, சில நாள் மட்டும். தினப்படி தொல்லை என்றால் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே இருக்கிறது, ரத்தத்தில் கலப்பதே சொற்பம், அப்புறம் பார்க்கலாம் என்றார். உதடு வீக்கம், மூச்சு இழுப்பு என்றால் மட்டும் மாத்திரை தேடிக்கொண்டு நிற்காமல் நேராக ஓடி வரச் சொன்னார்.

"அப்ப பாலை நிறுத்த வேணாமா மேடம்?" என்றான் தம்பி.

"எதுக்கு நிறுத்தணும்? நிறுத்தினா பால் கட்டிக்கும், சுரப்பும் போயிடும். மாத்த வேண்டியது மாத்திரையை. எழுப்பி எழுப்பிப் பால் குடுங்க. நாளைக்கு எத்தனை துணி நனையுதுன்னு எண்ணிச் சொல்லு. ஆறாவது வரணும்."

முருகனுக்குப் பால் கொடுத்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். நாணல் காட்டுப் பொய்கை, ஈரக் காற்று. அதில் ஒருத்திக்காவது தும்மல் வராமலா இருந்திருக்கும்? பாலை நிறுத்தியதாகப் புராணத்தில் ஒரு வரி இல்லை. (பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.)

மறுநாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கச்சேரி மறுபடி ஆரம்பமானது. மூன்று வீடு தள்ளி எனக்கே கேட்டது. துணிக் கணக்கு ஏழு.

ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிறவர்கள் 104-க்கு போன் போட்டால் சந்தேகம் கேட்கலாம், தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை நம்பர். கடைக்குப் போகிறீர்களென்றால் "வீட்டுல" என்பதோடு நிறுத்தாமல், பால் கொடுக்கிறவர், குழந்தைக்கு இத்தனை மாசம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

தம்பிக்கு வெட்கம் சுத்தமாகப் போய்விட்டது. போன வாரம் கொசுவர்த்திச் சுருள் வாங்கப் போனவன், பழக்க தோஷத்தில், "அண்ணா, வீட்டுல பால் குடுக்கறாங்க, மூணு மாசக் குழந்தை" என்று ஆரம்பித்தானாம். கடைக்காரர் சுருளை உள்ளே வைத்துவிட்டு, "அந்தப் புகையெல்லாம் வேணாம் தம்பி" என்று கொசுவலையை எடுத்துப் போட்டுவிட்டார். சில்லறையோடு போனவன் அறுநூறு ரூபாய்க்கு மாட்டிக்கொண்டு, பாக்கிக்கு என்னிடம் வந்து நின்றான்.