மதிப்பெண் தரும் தமிழும் மனு எழுதும் தமிழும்

ஒவ்வொரு திங்கள்கிழமையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. காலை முதலே அலுவலக வாயிலிலும் மரத்தடியிலும் மனு எழுதித் தருவோர் அமர்ந்திருப்பார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர் இணைப்பு என எந்தக் குறையானாலும் அதைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கட்டணம் பெற்றுக்கொள்வது அவர்களது தொழில். அவர்களை நாடி வருவோர் அனைவரும் எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்தவர்களும் அங்கே நிற்கிறார்கள்.

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் தமிழைப் பாடமாகப் படித்துத் தேர்ச்சியும் பெற்ற ஒருவர், தம் தெருவில் குடிநீர் வரவில்லை என்பதை ஓர் அதிகாரி ஏற்கும் வண்ணம் ஒரு பக்கத்தில் எழுத இயலாமல் இன்னொருவரை நாடுகிறார் என்றால், அதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவருக்கு நாம் கற்பித்த மொழிப்பாடத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்டது. அதையொட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. மனப்பாடத்தைக் குறைத்துத் திறன் சார்ந்த கற்றலுக்கு மாற வேண்டும் என்ற பேச்சும் வலுப்பெற்றிருக்கிறது. இந்த விவாதங்களில் கணிதமும் அறிவியலும் கணினியும் பெறும் கவனத்தைத் தமிழ்ப்பாடம் பெறுவதில்லை. தமிழ்ப்பாடத்தைப் பற்றிப் பேசினாலும், எந்தச் செய்யுளைச் சேர்ப்பது, எந்தத் தலைவரின் வரலாற்றை நீக்குவது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு பதினைந்து வயது மாணவர் தமிழைக் கொண்டு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழுவதில்லை.

மொழித்திறன்களைக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்காகப் பிரிப்பது ஆசிரியர் பயிற்சியின் அரிச்சுவடி. இவற்றுள் மூன்று இடங்களில் நம் மொழிப்பாடம் தளர்ந்து நிற்கிறது. பொருளுணர்ந்து படித்தல், கவனித்துக் கேட்டல், காரணம் காட்டி எழுதுதல் ஆகியவையே அவை.

முதலில் படித்தலை எடுத்துக்கொள்வோம். பதினைந்து வயது மாணவர்களின் திறனை அளவிடும் 'பிசா' என்னும் பன்னாட்டுத் தேர்வில், 2009 சுற்றின் நீட்சியாகத் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. முடிவுகள் 2011 டிசம்பரில் வெளியாயின. படித்தலில் அடிப்படை நிலையை எட்டிய மாணவர்கள் தமிழ்நாட்டில் 17 விழுக்காட்டினர் மட்டுமே என மதிப்பிடப்பட்டது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளில் அதன் சராசரி 81 விழுக்காடு. அடிப்படை நிலை என்பது இலக்கிய நயம் பாராட்டுவது அன்று. ஒரு பத்தியின் மையக்கருத்தைக் கண்டறிவதும், வெளிப்படையாகச் சொல்லப்படாத எளிய செய்தியை ஊகித்தறிவதுமே அது.

அந்தத் தேர்வின் வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தாதவை என்ற வாதம் அப்போது எழுந்தது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், அதன் பின்னர் நடந்த சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. அளவுகோலைக் குறைகூறிவிட்டு, அளப்பதையே நிறுத்திக்கொண்டோம். இடைப்பட்ட காலத்தில் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டு முதல் புதிய பாடநூல்கள் வந்தன. தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் தொடங்கியது. நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வழங்கும் வாசிப்பு இயக்கமும் நடைபெறுகிறது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், எழுத்துக்கூட்டிப் படிப்பது முதற்படி மட்டுமே. படித்த பகுதியில் எது செய்தி, எது எழுதியவரின் கருத்து, அந்தக் கருத்துக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பது அடுத்த படி. கைப்பேசியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் உண்மையென நம்பி அடுத்தவருக்கு அனுப்பும் காலத்தில், அந்த இரண்டாம் படியைப் பள்ளியில் ஏறாதவர் வேறெங்கும் ஏறப்போவதில்லை.

இரண்டாவது, கேட்டல். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். மணிமேகலையில் பல சமயத்தாரின் வாதங்களையும் முழுமையாகக் கேட்ட பிறகே மணிமேகலை தன் முடிவுக்கு வருகிறாள். மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்டு, அதன் சாரத்தை உள்வாங்கி, பின் மறுப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களைப் பார்ப்பவர்களுக்கு அந்த மரபு எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் மறுப்புத் தொடங்கிவிடுகிறது.

பாடநூலை எழுதியவர்கள் இதை உணராதவர்கள் அல்லர். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'கேட்டும் பார்த்தும் உணர்க' என்ற பகுதி உண்டு. தலைப்புக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்லும் பயிற்சியும், சொல்லக் கேட்டு எழுதும் பயிற்சியும் உண்டு. கீழ் வகுப்புகளில் வளரறி மதிப்பீட்டுக்கும் மதிப்பெண் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆயினும், பத்தாம் வகுப்பில் தமிழுக்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே போய்விடுகின்றன. கேட்டலுக்கும் பேசுதலுக்கும் அங்கே ஒரு மதிப்பெண்ணும் இல்லை. இறுதியில் எது மதிப்பிடப்படுகிறதோ அதுவே கற்பிக்கப்படும் என்பது நம் பள்ளிகளின் எழுதப்படாத விதி. அதனால், பாடநூலில் உள்ள கேட்டல் பயிற்சிகள் பல வகுப்பறைகளில் பக்கத்தைப் புரட்டும்போதே கடந்துபோகின்றன.

இதே தமிழைச் சிங்கப்பூர் எப்படிச் சோதிக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். அங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழ் உள்ளிட்ட தாய்மொழிப் பாடங்களுக்கு மொத்தம் 200 மதிப்பெண். அதில் வாய்மொழித் தேர்வுக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. அதாவது, ஏறத்தாழ பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தமிழ் மதிப்பெண்ணில் 35 விழுக்காடு காதாலும் வாயாலும் பெறப்படுவது. வீட்டிலும் ஆங்கிலம் பேசும் சூழலில் தமிழைப் பேச்சுமொழியாகக் காக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கிறது. நம் சூழல் வேறு. ஆனால், தமிழில் கேட்டலை மதிப்பிட முடியும், அதைப் பொதுத்தேர்விலேயே செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. இங்கேயே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் அக மதிப்பீட்டில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்துக்குத் தேவைப்படும் திறன் தமிழுக்குத் தேவையில்லை என்று நினைப்பது தாய்மொழியைத் தாழ்த்துவதாகும்.

மூன்றாவது, காரணம் காட்டி எழுதுதல். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் நல்லதொரு கடிதப் பயிற்சி இருக்கிறது. உணவு விடுதி ஒன்றில் தரமற்ற உணவைக் கூடுதல் விலைக்கு வழங்கியது குறித்து, உரிய சான்றுகளுடன் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டும். வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புடைய பயிற்சி இது. எந்த நாள், என்ன உணவு, எவ்வளவு விலை, என்ன ஆதாரம், என்ன நடவடிக்கை வேண்டும் என்று மாணவரே சிந்தித்து எழுதினால், மனு எழுதும் கலையின் பாதியை அவர் கற்றுவிடுவார்.

நடப்பது என்ன? கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்களில் அந்தக் கடிதம் முழுமையாக அச்சிடப்பட்டிருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வறையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கடிதத்தை எழுதுகிறார்கள். முறையீடு செய்வதற்கான பயிற்சி, முறையீடு ஒன்றை ஒப்பிப்பதற்கான பயிற்சியாக மாறிவிடுகிறது. படத்தைப் பார்த்துச் சொந்தமாக எழுதச் சொல்லும் வினாவுக்கும் இதே கதிதான். எந்தப் படத்துக்கும் பொருந்தும் பொதுவான வரிகள் மாணவர்களிடையே உலவுகின்றன. பொதுக்கட்டுரையும் முன்னுரை, உட்தலைப்புகள், மேற்கோள், முடிவுரை என்ற சட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சட்டம் தவறன்று. அதற்குள் மாணவரின் நிலைப்பாடு என்று ஒன்று இல்லாததே குறை. 'மரம் வளர்ப்போம்' என்ற தலைப்பில் மறுப்பதற்கு எதுவும் இல்லை. மறுக்க இடமில்லாத இடத்தில் வாதமும் இல்லை.

அமெரிக்காவில் தேசிய அளவில் நடைபெற்ற 2011-ஆம் ஆண்டு எழுத்துத்திறன் மதிப்பீட்டில், பிறரை இணங்கச் செய்யும் எழுத்துக்கு எட்டாம் வகுப்பில் 35 விழுக்காடும் பன்னிரண்டாம் வகுப்பில் 40 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. வயது கூடக் கூட அதன் பங்கும் கூடுகிறது. வாக்குரிமை பெறும் வயதை நெருங்கும் ஒருவர், தம் கருத்தைக் காரணத்தோடு முன்வைக்கக் கற்றிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆசிரியர்களின் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஐம்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரையும் பேசவைத்துக் கேட்க நேரம் ஏது? சொந்தமாக எழுதிய விடைகளைத் திருத்தும்போது மதிப்பெண் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுபடாதா? அக மதிப்பெண் என்றாலே எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்ற வழக்கம் வந்துவிடாதா? மேல்நிலை வகுப்புகளில் அகமதிப்பீட்டுக்குரிய 10 மதிப்பெண் பெரும்பாலும் சடங்காகவே வழங்கப்படுகிறது என்பது ஊரறிந்த செய்தி.

இவற்றுக்கு விடை இல்லாமல் இல்லை. கேட்டலைச் சோதிக்க ஒவ்வொருவரையும் பேசவைக்கத் தேவையில்லை. ஐந்து நிமிட ஒலிப்பதிவை வகுப்பு முழுவதற்கும் இருமுறை ஒலிக்கச் செய்து, பத்துக் குறுவினாக்களுக்கு எழுத்தில் விடை பெறலாம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இயங்குகிறது. ஒலிப்பதிவுகளை மாநில அளவில் உருவாக்கி அனுப்புவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. வினாவும் விடைக்குறிப்பும் பொதுவாக இருந்தால் மதிப்பெண்ணில் பாகுபாடும் வராது.

கடிதத்துக்கும் கட்டுரைக்கும் இன்னும் எளிய வழி இருக்கிறது. வினாவிலேயே ஐந்தாறு தகவல்களைத் தந்துவிட வேண்டும். ஓர் ஊரின் பேருந்து நேரங்கள், பள்ளி தொடங்கும் நேரம், பயணிகளின் எண்ணிக்கை, போக்குவரத்துக் கழகம் கூறும் மறுப்பு ஆகியவற்றைக் கொடுத்து, கூடுதல் பேருந்து கோரி எழுதச் சொல்லலாம். தகவல்கள் ஆண்டுதோறும் மாறும்போது மனப்பாடக் கடிதம் உதவாது. கோரிக்கை தெளிவாக உள்ளதா, கொடுத்த சான்றுகளில் பொருத்தமானவை எடுத்தாளப்பட்டுள்ளனவா, மறுதரப்பின் வாதத்துக்கு விடை உள்ளதா, நடை முறையாக உள்ளதா என நான்கு கூறுகளுக்கு மதிப்பெண் பிரித்தால் திருத்துவதும் சீராகும். படித்தலுக்கு, பாடநூலில் இல்லாத நாளிதழ்ப் பத்தி ஒன்றைக் கொடுத்து, செய்தியையும் கருத்தையும் பிரித்தறியச் செய்யும் வினாக்களைக் கேட்கலாம்.

இதனால் இலக்கியத்துக்கு இடம் குறைந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. சொல்வன்மையைப் போற்றிய இலக்கியம் நம்முடையது. கண்ணகி பாண்டியன் அவையில் தன் வழக்கைச் சான்று காட்டி நிறுவிய காட்சியை, அழகுக்காக மட்டுமன்றி வாதத்துக்காகவும் படிக்கலாம். அவள் எதை முதலில் சொன்னாள், எந்தச் சான்றை எப்போது வைத்தாள் என்று கேட்கும் வகுப்பில் சிலம்பும் கற்பிக்கப்படும், முறையீடும் கற்பிக்கப்படும்.

கிராம சபையில் எழுந்து பேசவும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கேள்வியைத் தெளிவாக எழுதவும், வேட்பாளர் சொல்வதைக் கேட்டு அதில் உண்மையைப் பிரித்தறியவும் குடிமக்களுக்குத் தேவைப்படுவது இந்த மூன்று திறன்களே. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் இவற்றை வீட்டிலோ ஆங்கிலத்திலோ கற்றுக்கொள்வார்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழாசிரியரின் வகுப்பை விட்டால் வேறு இடம் இல்லை. கல்விக் கொள்கை நடைமுறைக்கு வரும் இந்த நேரத்தில், பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளின் அமைப்பை மாற்றுவதிலிருந்து அரசு தொடங்கட்டும். தம் குறையைத் தாமே எழுதிக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் செல்லும் தலைமுறை அந்த வினாத்தாளிலிருந்துதான் உருவாக வேண்டும்.