கார்டு பையில இருக்கு... பேர் லிஸ்ட்ல இருக்கா?

"எங்கிட்டதான் ஓட்டர் ஐடி இருக்கே தம்பி, அப்புறம் என்ன?"

வரைவு வாக்காளர் பட்டியல் வந்த நாளிலிருந்து, வீடு வீடா போகும்போது நாங்க அதிகமா கேட்ட வார்த்தை இதுதான்.

எங்க பாகத்தில் ஒரு பாட்டி. வயசு எழுபதைத் தாண்டியாச்சு. மஞ்சப்பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினாங்க. பழைய கறுப்பு வெள்ளை போட்டோ, ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு. "ஒரு எலெக்‌ஷன் விட்டதில்லப்பா"ன்னு சொன்னாங்க. போன்ல தேடிப் பார்த்தோம். பேர் இல்லை. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தது. காரணம்: இடம் மாறியவர்.

உண்மைதான், இடம் மாறினாங்க. வாடகை வீட்டை ஓனர் வித்துட்டார், ரெண்டு தெரு தள்ளி வேற வீட்டுக்குப் போனாங்க. கணக்கீட்டுப் படிவத்தோட பி.எல்.ஓ. பழைய வீட்டுக்குத்தான் வந்திருக்காங்க. பூட்டிய கதவு. திரும்பவும் வந்திருக்காங்க. அதே பூட்டு. அந்த அக்கா பகல் முழுக்க அங்கன்வாடி வேலை பார்த்துட்டு சாயங்காலம் படிவத்தோட தெருத்தெருவா அலைஞ்சவங்க. அவங்களைத் திட்ட எங்களுக்கு மனசு வரலை. பாட்டி மேலயும் தப்பில்லை. ஆனா ஓட்டு போச்சு.

இனி பாட்டி படிவம் 6 கொடுக்கணும், கூடவே உறுதிமொழிப் படிவமும். எழுதிக் கொடுத்துட்டு இருக்கும்போது கேட்டாங்க: "இது புதுசா ஓட்டு வாங்குற பிள்ளைங்க எழுதுறதுதானே? அப்போ இத்தனை வருஷம் நான் போட்டது?"

எங்களுக்கு பதில் தெரியலை தோழர்களே. இந்தப் பதிவே அந்தக் கேள்வியிலிருந்துதான்.

முதல்ல கணக்கு.

தமிழ்நாட்டில் சிறப்பு தீவிர திருத்தம், அதாவது எஸ்.ஐ.ஆர். தொடங்கும்போது 6.41 கோடி வாக்காளர்கள். 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 5.43 கோடி. நீங்கியது 97 லட்சத்துக்கும் மேல். இதில் இறந்தவர்கள்னு குறிக்கப்பட்டது சுமார் 27 லட்சம். இடம் மாறியவர், முகவரியில் இல்லாதவர் 66 லட்சத்துக்கும் மேல். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிவு சுமார் 3.4 லட்சம். சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல் போயிருக்கு. வாடகை வீட்டுக்காரங்க அதிகம் இருக்கும் ஊர் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்த எண் வந்த அன்னைக்கே ரெண்டு விதமான ஃபார்வர்டு ஓடுச்சு. ஒண்ணு, "97 லட்சம் கள்ள ஓட்டு பிடிபட்டது." இன்னொண்ணு, "97 லட்சம் பேரின் ஓட்டு திருடப்பட்டது." ரெண்டையும் நம்ம ஆட்களே ஷேர் பண்ணியிருந்தாங்க. ரெண்டும் தப்பு.

செத்துப்போனவர் பேர் பட்டியலில் இருந்தா அது பராமரிப்புக் குறை. அந்தப் பேரில் யாராவது வந்து ஓட்டு போட்டால்தான் கள்ள ஓட்டு. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கு. அதே மாதிரி, 27 லட்சம் இறந்தவர்களின் ஓட்டை யாரும் திருடலை. கேள்வி என்னன்னா, அந்த 66 லட்சத்துக்குள்ள நம்ம பாட்டி மாதிரி எத்தனை பேர்? அதை யாரும் வாட்ஸ்அப்பில் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக் கதவைத் தட்டித்தான் கண்டுபிடிக்கணும்.

அடுத்தது, "கார்டு கட்டாயம், ஆதார் இணைப்பு, அதோட கள்ள ஓட்டு ஒழிஞ்சது" என்கிற வாதம். நல்ல எண்ணத்தில் சொல்றவங்களும் இருக்காங்க. அதனால் நிதானமா பார்ப்போம்.

கள்ள ஓட்டு என்பது நிஜம். அதை நாம மறுக்கலை. டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்தப்போ 1993-ல் புகைப்பட அடையாள அட்டையைக் கொண்டுவந்ததே அதுக்காகத்தான். ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் வந்து போடுறதை அது பெரிய அளவில் தடுத்தது. பெத்தவங்களைக் கேட்டுப் பாருங்க, "நான் போறதுக்குள்ள யாரோ போட்டுட்டாங்க" என்கிற கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒண்ணு இருக்கும்.

ஆனா கார்டு ஒரே ஒரு வேலைதான் செய்யும். சாவடிக்கு வந்த ஆள் யார்னு சொல்லும். பட்டியலிலேயே இல்லாத ஆளைச் சேர்த்தாலோ, இருக்கிற ஆளைத் தூக்கினாலோ, கார்டால் எதுவும் செய்ய முடியாது. 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் நேரத்தில் பட்டியலிலிருந்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டதே, நினைவிருக்கா? சேஷன் கார்டு கொண்டுவந்து கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஆன பிறகு நடந்தது அது. பிரச்சினை கார்டில் இல்லை, பட்டியலில்.

ஆதார் இணைப்பு? அதையும் ஒரு தடவை பண்ணிப் பார்த்தாச்சு. 2015-ல் நாடு முழுக்க வாக்காளர் பட்டியலோட ஆதாரை இணைக்கும் வேலை தொடங்கினாங்க. அந்த ஆகஸ்டில் ஆதார் பயன்பாட்டுக்கு உச்ச நீதிமன்றம் வரம்பு போட்டதும் நிறுத்தினாங்க. தெலங்கானாவில் அதுக்குள்ள வேலை நிறைய நடந்திருந்தது. அங்க 2018 டிசம்பர் தேர்தல் அன்னைக்கு ஏராளமானவங்க பேரைக் காணோம். பேட்மிண்டன் வீராங்கனை ஜுவாலா கட்டா பேரும் இல்லை. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியே மன்னிப்பு கேட்டார். மன்னிப்பு வந்தது. ஓட்டு திரும்ப வரலை.

2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆதார் எண் கொடுக்க படிவம் 6பி வந்தது. கொடுப்பது அவரவர் விருப்பம்னுதான் இன்னைக்கும் நிலை.

இன்ஜினியரிங் படிச்சவங்களா ஒரு விஷயம் சொல்றோம். "சாஃப்ட்வேர் போட்டு டூப்ளிகேட்டை எடுத்துடலாம்" என்பது கேட்க சுலபம். நம்ம ஊரில் குடும்பப் பேர் கிடையாது. ஒரே தொகுதியில் "முருகன், தந்தை சுப்பிரமணி" எத்தனை பேர்? லட்சுமியை ஒரு இடத்தில் லெட்சுமி, இன்னொரு இடத்தில் இலட்சுமின்னு எழுதுறோம். இனிஷியல் ஒரு கார்டில் முன்னாடி, ஒரு கார்டில் பின்னாடி. பேரை மட்டும் ஒப்பிட்டா வேற வேற ஆள் ஒரே ஆளா தெரிவாங்க, ஒரே ஆள் ரெண்டு ஆளா தெரிவார். சல்லடைக் கண்ணைச் சிறிசாக்கினா நல்ல அரிசியும் போகும், பெரிசாக்கினா கல்லும் தங்கும். கம்ப்யூட்டர் சந்தேகத்தைச் சொல்லலாம். முடிவை மனுஷன் நேரில் பார்த்துத்தான் எடுக்கணும்.

அதுக்கு ஆலந்த் ஒரு பாடம். 2023 கர்நாடக சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னாடி, அந்தத் தொகுதியில் பேரை நீக்கச் சொல்லி ஆன்லைனில் 6,018 படிவம் 7 வந்தது. சரிபார்த்தப்போ 24 மட்டும்தான் சரி. மீதி 5,994 தப்பான விண்ணப்பம். போலீஸில் வழக்கு பதிவாச்சு. களத்தில் போய் சரிபார்த்ததால் அந்தப் பேர்கள் தப்பிச்சது. யாரும் போகாமலே டிக் அடிச்சிருந்தா?

பீகாரும் இதைத்தான் சொல்லுது. 2025 ஜூனில் அங்க எஸ்.ஐ.ஆர். அறிவிச்சப்போ 11 ஆவணங்கள் கேட்டாங்க. அதில் ஆதாரும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை, ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை! ஓட்டுப் போடும் நாளில் ஆதாரைக் காட்டினா சாவடிக்குள்ள விடுவாங்க, பட்டியலில் இருக்க மட்டும் அது செல்லாதாம். ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேர் இல்லை. ஆகஸ்ட் 12 அன்று, "இறந்தவர்"னு எழுதப்பட்ட ரெண்டு பேரை உயிரோட உச்ச நீதிமன்றத்துக்கே கூட்டிட்டு வந்தார் யோகேந்திர யாதவ். ஆகஸ்ட் 14 அன்று, நீக்கிய பெயர்களைக் காரணத்தோட வெளியிடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. செப்டம்பர் 8 அன்று ஆதாரை 12-வது ஆவணமா ஏத்துக்கச் சொன்னது, குடியுரிமைச் சான்றா இல்லை, அடையாளச் சான்றா.

இன்னைக்கு நம்ம பாட்டி பேர் எதுக்காகப் போச்சுன்னு போன்ல பார்க்க முடியுதுன்னா, அந்தப் போராட்டமும் ஒரு காரணம்.

ஆக, நம்ம நிலைப்பாடு தெளிவு. பட்டியலைச் சுத்தம் பண்ணுங்க, கூடவே நிற்கிறோம். இறந்தவர் பேரை எடுங்க. ரெண்டு இடத்தில் இருந்தா ஒண்ணை எடுங்க, அது எங்க கட்சிக்காரர் பேரா இருந்தாலும் சரி. ஆனா உயிரோட, அதே ஊரில் இருக்கிற ஒருத்தர், தான் இருக்கேன்னு நிரூபிக்க அலையக்கூடாது. இல்லைன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும். ஒரு போலி ஓட்டு உள்ளே வந்தாலும், ஒரு நிஜ ஓட்டு வெளியே போனாலும், முடிவு மாறுறது ஒரே அளவுதான்.

நாம கேட்பது மூணு:

1. நேரில் விசாரிக்காம, நோட்டீஸ் கொடுக்காம ஒரு பேரும் நீக்கக்கூடாது.

2. பட்டியலை தேடக்கூடிய டெக்ஸ்ட் வடிவத்தில் கொடுங்க. இப்போ கிடைப்பது படமா ஸ்கேன் பண்ணிய பி.டி.எஃப். எந்தக் கட்சியும், எந்தக் குடிமகனும் அதை வெச்சு டூப்ளிகேட் தேட முடியாது. 2018-ல் இந்தக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை. தனியுரிமை பத்தின கவலை நியாயமானது. போட்டோவையும் வீட்டு எண்ணையும் மறைச்சுட்டுக் கொடுக்கலாமே.

3. பொய்யா படிவம் 7 கொடுப்பவர் மேல் வழக்கு போடுங்க. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் பிரிவு 31 ஓராண்டு வரை சிறை சொல்லுது. அது புத்தகத்தில் மட்டும் இருந்தா போதாது.

இனி தோழர்களுக்கு, களத்தில் இருக்கிறவங்களுக்கு.

ஒரு பழைய ஃபார்வர்டு மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கு: "லிஸ்ட்ல பேர் இல்லைன்னாலும் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம்." பொய். பேர் இல்லைன்னா எந்தக் கார்டைக் காட்டினாலும் ஓட்டு கிடையாது. சேலஞ்ச் என்பது, வந்திருக்கும் ஆள் நிஜமான ஆள் இல்லைன்னு பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. 2018-ல் ஒரு படம் வந்தப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்ச 49பி கூட, உங்க பேரில் வேற யாரோ போட்டுட்டா மட்டும்தான் உதவும். அதுக்கும் பேர் பட்டியலில் இருக்கணும். இந்த ஃபார்வர்டை நம்பி ஒருத்தர் படிவம் கொடுக்காம விட்டா, அந்த ஓட்டைப் பறிச்சது நாமதான்.

செய்ய வேண்டியது இதுதான்:

வரைவுப் பட்டியல் வந்தப்போ, கோரிக்கை, ஆட்சேபனை கொடுக்க 2026 ஜனவரி 18 வரைன்னு அறிவிச்சிருந்தாங்க. பேர் இல்லையா? படிவம் 6, உறுதிமொழிப் படிவத்தோட. 2026 ஜனவரி 1 அன்று 18 வயசு முடிஞ்ச தம்பி, தங்கச்சிக்கும் படிவம் 6. பேர் இருக்கு, முகவரியோ எழுத்தோ தப்பா? படிவம் 8. தகுதியில்லாத பேர் இருக்கா? படிவம் 7, நீங்களே நேரில் பார்த்து உறுதி செஞ்ச பிறகு மட்டும். பி.எல்.ஓ. நம்பர் தெரியலைன்னா 1950-க்கு போன் பண்ணுங்க. மனுவை நிராகரிச்சா 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டரிடம் மேல்முறையீடு, அங்கயும் இல்லைன்னா 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.

ஒவ்வொரு பாகத்திலும் நீக்கப்பட்டவர் பட்டியலை பிரிண்ட் எடுங்க. "இடம் மாறியவர்"னு இருக்கும் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்து வீட்டில் கேளுங்க. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் கேளுங்க. அவங்க எந்தக் கட்சிக்கு ஓட்டு போடுவாங்கன்னு கேட்காதீங்க. எதிர்க்கட்சிக்காரர் வீடா இருந்தாலும் படிவத்தை எழுதிக் கொடுத்துட்டு வாங்க. ஓட்டு அவருடையது.

பாட்டியின் படிவத்தைக் கொடுத்து ரசீதும் வாங்கியாச்சு. அதையும் கார்டோட சேர்த்து மஞ்சப்பையில் மடிச்சு வெச்சிருக்காங்க. இறுதிப் பட்டியல் வரும் அன்னைக்கு முதல்ல தேடப்போறது அவங்க பேரைத்தான்.

நீங்க இப்பவே உங்க பேரைத் தேடுங்க. அப்புறம் உங்க தெருவில் வாடகை வீடு மாறின ஒருத்தர் பேரையும்.

#பேர்_இருக்கா_பாருங்க

— தகவல் தொழில்நுட்ப அணி