வாரிசைத் தேடிய லட்சணம்

பேர்ல் ஹார்பர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அரிசோனா கப்பல், இல்லையென்றால் அந்த ஹாலிவுட் படம். அதே துறைமுகத்தில் 'யூட்டா' என்ற கப்பலும் மூழ்கிக் கிடக்கிறது, உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு. அவர்களில் ஒருவர் பீட்டர் டோமிச்.

இன்றைய போஸ்னியா ஹெர்சகோவினாவில் புரோலோக் என்ற கிராமத்துக்காரர். 1913-ல் பிழைப்பு தேடி அமெரிக்கா போனார். முதலில் ராணுவம், 1919-ல் கடற்படை. 1941 டிசம்பர் 7 காலை ஜப்பானிய டார்பிடோ தாக்கிக் கப்பல் சாய, பாய்லர் அறையிலிருந்த ஆட்களையெல்லாம் மேலே விரட்டிவிட்டு, பாய்லர்கள் வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள இவர் மட்டும் கீழேயே தங்கிவிட்டார். வயது 48.

'மெடல் ஆஃப் ஹானர்' கொடுத்தார்கள். அமெரிக்காவில் அதற்கு மேல் வீர விருது கிடையாது. ஒரு போர்க்கப்பலுக்கு இவர் பெயரையும் வைத்தார்கள். சந்தோஷம். ஆனால் மெடலை வாங்கிக்கொள்ள வாரிசு கிடைக்கவில்லையாம்!

ஏன் கிடைக்கும்? ஊரில் குடும்பப் பெயர் ஹெர்செக் டோனிச், அமெரிக்க ரிக்கார்டில் டோமிச். சாகிற வேலைக்கு ஆள் எடுத்தபோது இந்த ஸ்பெல்லிங் யாருக்கும் உறுத்தவில்லை பாருங்கள். யூகோஸ்லாவியா கம்யூனிஸ்ட் நாடாச்சே என்று சமாதானம் சொல்வார்கள். சரி, அதைக் கழித்துவிடுங்கள். 1995-ல் முடிந்த போஸ்னியப் போரையும் கழியுங்கள். அப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறதே, அதற்கு யார் கணக்கு சொல்வது?

கடைசியில் 2006-ல், குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில், உறவினர் ஒருவரிடம் மெடலைக் கொடுத்தார்கள். அதற்கு 'எண்டர்பிரைஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலே போய் நின்றது. 1946-ல் அந்தக் கிராமத்துக்கு ஒரு ஆளை அனுப்பி விசாரித்திருக்கலாம், பஸ் செலவோடு போயிருக்கும்.